வெள்ளை மணல் பார்க்கப் போன கதை

மார்ச் 14, வியாழன்: டாலஸிலிருந்து அலமகோர்டோ

அப்பா அமெரிக்கா வந்து ஏழு வாரம் ஆகிறது. உயரமான கட்டடங்கள், பெரிய கடைகள், இரண்டு கோயில்கள் எல்லாம் முடிந்தபின், "கட்டடம் போதும் அம்மிணி, ரோட்டைக் காட்டு" என்றார். நாமக்கல்லில் 28 வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டிய மனிதர் வேறென்ன கேட்பார்? இரண்டு நாள் விடுப்பு போட்டேன். நியூ மெக்சிகோவில் வெள்ளை மணல் குன்றுகள் தேசியப் பூங்கா இருக்கிறது. சர்க்கரை கொட்டினாற்போல் இருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் ஆசை காட்டியிருந்தார். போக சுமார் 950 கிலோமீட்டர். விமானத்தில் போகலாமா என்று கேட்டேன். அப்பா காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியில் ஏறியதுமே எங்கள் வழக்கமான சண்டை, சீட் பெல்ட். அப்பா போடவே மாட்டார் என்றில்லை. போடுவார், அவர் பாணியில். தோள்மேல் வரவேண்டிய பட்டையைக் கையைத் தூக்கிக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொள்வார். கழுத்தை அறுக்கிறதாம். வண்டியில் மணி அடிப்பது நின்றுவிடும், போலீஸுக்கும் பட்டை தெரியும், கழுத்துக்கும் தொந்தரவில்லை. ஏதாவது சொன்னால் தொப்பூர் கதை வரும்.

அது எனக்கு மனப்பாடம். 1991. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் லாரி பாறையில் மோதியது. அப்பாவுக்குக் கால் முறிவு. கிளீனர் பையன் கதவோடு வெளியே தூக்கி எறியப்பட்டுப் புதரில் விழுந்தான், வெறும் சிராய்ப்பு. அவன் உட்கார்ந்திருந்த பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. "பெல்ட்டுல கட்டிப் போட்டிருந்தா அங்கயே போயிருப்பான்." முப்பது வருடமாக இதுதான் அவர் கட்சி. நான் பதில் சொன்னால், "லாரி ஓட்டுனது நானா நீயா?" என்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

பிக் ஸ்பிரிங் தாண்டியதும் ஒன்றுமில்லாத சமவெளி. பருத்திக் காடு, காற்றாலை, அப்புறம் தலையாட்டிக்கொண்டே இருக்கும் எண்ணெய் பம்புகள். "மாடில்லாத ஏத்தம்" என்றார் அப்பா. மதியம் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்திப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்து வண்டிக்காரர் வாசனை பிடித்துவிட்டு என்னவென்று கேட்டார். ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு ஓடினார், ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான்.

ஆர்ட்டீசியா தாண்டியபின் சாலை மெல்ல மெல்ல ஏறுகிறது. கிளவுட்கிராஃப்ட் 8,600 அடி, மார்ச் மாதத்திலும் மர நிழலில் அழுக்குப் பனி கிடந்தது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் நாலாயிரம் அடிக்கு மேல் ஒரே இறக்கம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறக்கு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராத." ஆட்டோமேட்டிக் வண்டி என்று சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் லோ கியருக்கு 'எல்' என்று ஓர் எழுத்து இருப்பதைக் காட்டியபிறகுதான் அமைதியானார். மலைக்குள் ஒரு சின்னச் சுரங்கப்பாதை வருகிறது. வெளியே வந்தால் கீழே பள்ளத்தாக்கில், தூரத்தில், சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளை மணல். "நாளைக்கு அங்கதான்" என்றேன்.

மார்ச் 15, வெள்ளி: போகவில்லை

விடுதியில் காலை உணவு இலவசம். வாஃபிள் மெஷினை அப்பா "ரெட்டைத் தோசைக்கல்" என்றார். எப்போது திருப்புவது என்று தெரியாமல் நின்றவருக்கு, பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு தாத்தா வந்து கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. தாத்தா சிரித்தார், அப்பா இன்னொன்று சுட்டு அவருக்கே கொடுத்தார்.

70-ஆம் நெடுஞ்சாலையில் பூங்கா வாசலை நெருங்கும் முன்பே வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கம்பக்கம் முழுக்க ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம். சோதனை நடக்கும்போது சாலையையும் பூங்காவையும் மூடிவிடுவார்களாம். முன்கூட்டியே பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். காற்று வேறு கிளம்பி, கதவைத் திறந்தால் பல்லில் மண் கடிபட்டது.

அப்பாவைக் காணோம். பார்த்தால், இரண்டு வண்டி தள்ளி நின்ற பதினெட்டுச் சக்கர லாரியின் கேபினில் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் பஞ்சாபி. அப்பாவின் லாரிக்கால இந்தி உயிர்பெற்றுவிட்டது. லூதியானாவில் எந்த தாபா நன்றாக இருக்கும் என்பதுவரை பேச்சு போயிருந்தது. ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ வந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. அப்பா இறங்கி வந்ததும் சொன்ன முதல் விஷயம் வேறு: "அந்த லாரிக்குள்ள கேமரா இருக்குது. பெல்ட் போடாட்டி கம்பெனிக்குத் தகவல் போயிருமாம். பாவம்." அந்தப் 'பாவம்' டிரைவருக்கு.

மதியமாகியும் பூங்கா திறக்கிற வழியைக் காணோம். ஊருக்குத் திரும்பினோம். மலையடிவாரத்தில் கண்ணாடி பெட்டி மாதிரி தங்க நிறத்தில் ஒரு கட்டடம் மின்னியது. நியூ மெக்சிகோ விண்வெளி வரலாற்று அருங்காட்சியகம். வேறு வேலையில்லை என்பதால்தான் போனோம். வாசலில் கொடிக்கம்பத்தடியில் ஹாம் என்ற சிம்பன்சியின் சமாதி. 1961-ல் விண்வெளிக்குப் போய்த் திரும்பியது. யாரோ ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். படையல் மாதிரி இருக்கிறது என்று அப்பா செருப்பைக் கழற்றப் போனார், தடுத்துவிட்டேன்.

வெளியே, வெயிலில், தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி நிற்கிறது. இரும்புச் சட்டம், பின்னால் ராக்கெட்டுகள் பொருத்தும் பகுதி, முன்னால் கூரையில்லாமல் ஒரு நாற்காலி. பெயர் சோனிக் விண்ட் நம்பர் 1. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இருக்கும் ஹாலமன் விமானப்படைத் தளத்தில், 1954 டிசம்பர் 10 அன்று, ஜான் பால் ஸ்டாப் என்பவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தே வினாடியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர். அது பெரிய விஷயமில்லை. அங்கிருந்து 1.4 வினாடியில் நின்றார்.

அருங்காட்சியகத்தில் உதவிக்கு இருந்த பெரியவர் முன்னாள் விமானப்படைக்காரர். நாங்கள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வந்தார். அப்பா கேட்ட முதல் கேள்வியை மொழிபெயர்த்தேன்: "பிரேக் என்ன போட்டிருக்காங்க?" பெரியவருக்கு சந்தோஷம். தண்டவாளங்களுக்கு நடுவே தண்ணீர் தேக்கி வைப்பார்கள், வண்டிக்கு அடியில் அகப்பை மாதிரி ஒன்று இருக்கும், அது தண்ணீரை வாரும்போது வண்டி பிடித்து நிறுத்தப்படும். டிரம்மும் இல்லை, லைனிங்கும் இல்லை. அப்பா குனிந்து, அப்புறம் மண்டியிட்டே அடியில் பார்த்தார். "சூடே ஏறாது" என்றார். தொப்பூர் நினைவு வந்திருக்கும்.

ஸ்டாப் டாக்டர். மிஷனரிப் பெற்றோருக்கு 1910-ல் பிரேசிலில் பிறந்தவர். 1940-களின் விமானப்படையில், 18 ஜிக்கு மேல், அதாவது தன் எடையைப் போல் 18 மடங்குக்கு மேல் விசை பட்டால் மனிதன் பிழைக்கமாட்டான் என்று நம்பினார்கள். அந்தக் கணக்கில்தான் விமான இருக்கைகளைச் செய்தார்கள். விபத்தில் இருக்கையே பிய்ந்துகொண்டு வந்தது. உண்மையில் உடம்பு எவ்வளவு தாங்கும்? 1947-ல் கலிஃபோர்னியாவின் மியூராக் தளத்தில் முதலில் ஆஸ்கர் என்ற பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். ஒரு சோதனையில் லேசான பட்டை மட்டும் கட்டிவிட்டார்கள். வண்டி நின்றது, பட்டை அறுந்தது, ஆஸ்கர் முன்னால் இருந்த மரத்தடுப்பை உடைத்துக்கொண்டு இருநூறு மீட்டருக்கு மேல் பறந்து போய் விழுந்தது. அதே வருடம் டிசம்பரில், அடுத்து யார் என்றபோது, ஸ்டாப் தானே ஏறிக்கொண்டார்.

மொத்தம் 29 முறை. விலா எலும்பு, இரண்டு தடவை மணிக்கட்டு. ஒரு முறிவை அலுவலகத்துக்குத் திரும்பி நடக்கும் வழியிலேயே தானே சரிசெய்துகொண்டாராம். 1954 ஓட்டத்துக்கு முன், கண் போனாலும் போகலாம் என்று இருட்டில் சட்டை மாட்டிப் பழகியிருக்கிறார். அன்று உச்சத்தில் பட்டது 46.2 ஜி. 75 கிலோ ஆள் என்று வைத்தால்கூட அந்தக் கணத்தில் மூன்றரை டன். கண்ணுக்குள் ரத்த நாளங்கள் வெடித்துப் பார்வை போனது, மறுநாளைக்குள் திரும்பி வந்துவிட்டது. அதற்குமேல் அவரை ஏற விடவில்லை. எப்படிப் பிழைத்தார்? பட்டைகள்தான். தோளில், இடுப்பில், மார்பில், கை கால்களில். வண்டி நிற்கும்போது அவரும் வண்டியோடு சேர்ந்து நின்றார்.

"தோள்லயுமா?" என்று கேட்டார் அப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர் அடுத்து சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. விமானம் விழுந்து சாகிறவர்களைவிடக் கார் மோதிச் சாகிற விமானப்படை ஆட்கள் அதிகம் என்று ஸ்டாப் கண்டுபிடித்தார். 1955-ல் கார் கம்பெனிப் பொறியாளர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் ஹாலமனுக்கு வரவழைத்து, பாலைவனத்தில் கார்களை மோதவிட்டுக் காட்டினார். விமானப்படை எதற்குக் காரை உடைக்கிறது என்று மேலே கேட்டார்கள், அதே கணக்கை எடுத்து நீட்டினார். அந்தக் கூட்டம் அவர் பெயரிலேயே இன்றும் வருடாவருடம் நடக்கிறது. 1966 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது ஸ்டாப் அங்கே இருந்தார். 1968 முதல் அமெரிக்காவில் புதிய கார் எல்லாவற்றிலும் பெல்ட் கட்டாயம். ஓய்வுக்குப்பின் இதே அலமகோர்டோவில் வாழ்ந்து 1999-ல், 89 வயதில், வீட்டில் படுக்கையில் இறந்தார். "கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன், சாதாரணமாகத்தான் இருப்பார்" என்றார் பெரியவர்.

இன்னொன்று. 'மர்ஃபி விதி' என்று எங்கள் அலுவலகத்தில் தினம் நாலு தடவை சொல்வோமே, தப்பாகப் போக வழியிருந்தால் தப்பாகத்தான் போகும் என்று? அதுவும் ஸ்டாப்பின் சோதனையில் பிறந்ததுதான். 1949-ல் மர்ஃபி என்ற பொறியாளர் கொண்டுவந்த அளவுக் கருவிகளைத் தலைகீழாக வயர் செய்துவிட்டார்கள். ஓட்டம் முடிந்து பார்த்தால் எல்லாம் பூஜ்யம். அவர் எரிச்சலில் சொன்னதை ஸ்டாப் ஊருக்கெல்லாம் பரப்பிவிட்டார். காலையில் மூடிக்கிடந்த பூங்கா வாசல் நினைவுக்கு வந்தது.

இரவு ஒரு சின்ன உணவகம். "சிவப்பா, பச்சையா?" என்று கேட்டாள் பரிமாறிய பெண். மிளகாய்க் குழம்பு எது வேண்டும் என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்லவேண்டும். நாங்கள் சைவம், பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் சமையலறைக்குள் போய் விசாரித்து வந்து, இருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பாலாடைக்கட்டி என்சிலாடா தந்தாள். தட்டு 14 டாலர். பச்சை மிளகாய் சுட்ட கத்தரிக்காய் வாசனை அடிக்கிறது, காரம் குறைவு. கடைசியில் சோப்பாபியா வந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். உப்பிய பூரி. தேன் ஊற்றித் தின்கிறார்கள். மூன்று தின்றார்.

மார்ச் 16, சனி: வெள்ளை மணல்

வண்டிக்கு 25 டாலர். உள்ளே போனதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெறுங்காலோடு நடக்கலாம், நல்ல வெயிலிலும் சுடவில்லை. ஏனென்றால் இது சாதாரண மணல் இல்லை, ஜிப்சம். எலும்பு முறிந்தால் கட்டுப் போடும் மாவு இதிலிருந்து செய்வதுதான் என்றேன். "மாவுக்கட்டு மாவா? இத்தனையுமா?" ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டார். "நாமக்கல்ல போர்டு வச்சுக் கட்டுப் போடறவங்க பார்த்தா மயக்கம் போட்டுருவாங்க."

குழந்தைகள் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து குன்றிலிருந்து சறுக்குகிறார்கள். கடையில் அந்தத் தட்டு இருபது டாலருக்கு மேல், ஒரு நாள் கூத்துக்கு எதற்கு என்று வாங்காமல் வந்திருந்தேன். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தங்கள் தட்டையும் தேய்க்கும் மெழுகுத் துண்டையும் கையில் திணித்துவிட்டுப் போனது. காசு நீட்டினேன், அந்த அம்மா கையை வீசிச் சிரித்தார்.

முதல் இரண்டு முறை அருமை. மூன்றாவது முறை உயரமான குன்றாகப் பார்த்து ஏறினேன். மெழுகை நன்றாகத் தேய்த்தேன். சரிவு முடிகிற இடத்தில் தரை சிமெண்ட் மாதிரி கெட்டி என்பது கீழே வரும்வரை தெரியவில்லை. தட்டின் விளிம்பு அதில் போய் முட்டியது. தட்டு நின்றது. நான் நிற்கவில்லை. முன்னால் போய் வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன்.

அப்பா ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். முறியவில்லை, வீக்கம்தான். "கட்டுப் போடறதுன்னா மாவுக்குப் பஞ்சமில்ல" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் மருந்துக்கடையில் ஒரு கிரேப் பேண்டேஜும் வலி மாத்திரையும், 19 டாலர். தட்டே வாங்கியிருக்கலாம்.

மாலை ஊருக்கு வெளியே ஒரு பிஸ்தா தோட்டம். வாசலில் முப்பதடி உயரத்தில் ஒரு பிஸ்தா நிற்கிறது. கான்கிரீட்டில் பிஸ்தா செய்து வைக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, பார்க்க நம்மைப் போல் கூட்டம் வேறு. மிளகாய் போட்ட பிஸ்தா அப்பாவுக்குப் பிடித்தது. ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது, இடது கையால் சாப்பிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு: திரும்பி

காற்று. ஹாப்ஸ் தாண்டியதும் வானம் செம்மண் நிறமாகி, முன்னால் போகிற வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது. வலது கையைச் சும்மா வைத்துவிட்டு இடது கையால்தான் ஸ்டியரிங். அப்பா ஓட்டக் கேட்டார், மறுத்தேன். லமீசாவில் ஒரு பெட்ரோல் பங்கில் புழுதி அடங்கும்வரை நின்றோம். உள்ளே காசாளர் பெண் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டுக் காபிக்குக் காசு வாங்கவில்லை. அப்பா வழியெல்லாம் தண்ணீர் பிரேக்கைப் பற்றியே பேசினார். தொப்பூரில் அப்படியொன்று போட்டால் என்ன, மழை இல்லாத மாதத்தில் தண்ணீருக்கு எங்கே போவது, இப்படி. பட்டை கக்கத்தில்தான் இருந்தது. நானும் கை வலியில் விட்டுவிட்டேன்.

வீடு வந்து சேர இரவு எட்டரை. நாமக்கல்லில் திங்கள் காலை ஏழு மணி. அப்பா அந்தக் கிளீனருக்கு வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டார். இப்போது அவருக்குச் சொந்தமாக டீக்கடை, தலை நரைத்துவிட்டது. முதலில் வெள்ளை மணல், அப்புறம் பஞ்சாபி, பிஸ்தா. கடைசியில் அந்த நாற்காலி. "மனுசன் கட்டிக்கிட்டுத்தான் பொழைச்சானாம்டா. நீ என்னடான்னா தூக்கி எறிஞ்சதால பொழைச்சே."

அந்தப் பக்கம் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"நான் எங்கண்ணே எறிஞ்சு விழுந்தேன்? பிரேக் பிடிக்கலைன்னு நீங்க கத்துனதும், வேகம் எடுக்கறதுக்கு முன்னாலயே கதவைத் திறந்து குதிச்சுட்டேனே. சக்கரத்துக்குக் கட்டை போடலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள வண்டி போயிருச்சு. நான் ஓடி வந்து பார்த்தப்பதான் நீங்க பாறையில மோதிக் கிடந்தீங்க."

"கதவோட விழுந்தியேடா."

"கதவு தனியா விழுந்துச்சுண்ணே."

அப்பா கொஞ்ச நேரம் அவன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு போனை வைத்தார். மிளகாய் பிஸ்தா பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"அவனுக்கு வயசாயிருச்சு அம்மிணி. ஞாபகம் தப்புது."